நல்ல இருட்டு

அண்ணன் சொன்ன அந்த விவரத்தைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதுமில்லை. அப்பாவுக்குத் தன் நோய் இன்னதென்று கடைசிவரை தெரியாது, தெரியாமலே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் அந்த விவரம். அப்பா இறந்த வீட்டில் துஷ்டி கேட்க வந்தவர்களிடம் அண்ணன் அதைச் சொன்னபோது நான் பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தேன். வந்தவர்கள் ‘கொடுத்து வச்ச மனுசன்’ என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். இப்போது இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், துளை போட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எதிரே சாத்தியிருக்கும் கதவைப் பார்க்கும்போது, அந்தத் தலையாட்டல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கதவுக்குப் பின்னால் டாக்டர். டாக்டருக்கு எதிரே அண்ணனும் என் மனைவி கோமதியும். அண்ணன் மடியில் என் நெஞ்சின் ஸ்கேன் படங்கள் உள்ள பெரிய உறை இருக்கும். டோக்கன் என் பெயரில்தான் போட்டது. ‘தாணுமூர்த்தி’ என்று என் பெயரைத்தான் நர்ஸ் கூப்பிட்டாள். நான் எழுந்ததும், ‘நீங்க உக்காருங்க சார், கூட வந்தவங்க மட்டும் உள்ள வரட்டும்’ என்றாள். அண்ணன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். ‘நீ இங்கன இருடே. ஃபேன் காத்து நல்லா வருது பாரு. ரெண்டு வார்த்த கேட்டுட்டு வந்திருதோம்.’ கோமதி தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ரயிலில் ஏற்றிவிட வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கொடுப்பது போல இருந்தது. ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணன் முந்தாநாள் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். ‘சும்மா, பாத்து நாளாச்சேன்னு வந்தேன்’ என்றார். சும்மா வருகிறவர் இல்லை அண்ணன். தன் பேத்தி காதுகுத்துக்குக்கூட நேரில் வந்து அழைக்கவில்லை, போனில்தான் சொன்னார். சென்னை வெயில் ஆகாது, தண்ணீர் ஆகாது, இட்லி கல் மாதிரி இருக்கிறது என்பார். சும்மா வந்தவர் ஸ்கேன் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் எப்படி வந்தார். கோமதி போனில் சொல்லியிருக்க வேண்டும். கோமதிக்கு யார் சொன்னது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று எனக்கு முன்னாலேயே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதை யோசிக்க வேண்டாம் என்றுதான் வீட்டிலிருந்து வரும்போதே யோசிப்பதற்கு வேறொன்றை எடுத்து வந்தேன். சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கிறது. நான் அகராதி வேலை பார்க்கிறவன். இன்றைக்குப் புழக்கத்தில் உள்ள சொற்களுக்கான அகராதி. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுக்க வேண்டும். நாமே உட்கார்ந்து செய்தது போல இருக்கக் கூடாது. யாரோ எங்கோ வாய்விட்டுச் சொன்னது போல இருக்க வேண்டும். நான் ‘இருள்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதல் பொருளில் சிரமம் இல்லை, வெளிச்சம் இல்லாத நிலை, ‘மின்சாரம் போனதும் தெருவே இருளில் மூழ்கியது’, முடிந்தது. இரண்டாவது பொருள் அறியாமை. அதற்குத்தான் வாக்கியம் கிடைக்கவில்லை. என் எதிர் மேஜை செண்பகம் கேலி செய்கிறாள். ‘சார், இருள்லயே எத்தனை நாள் உக்காந்திருப்பீங்க? இந்த வேகத்துல நீங்க ஒளிக்கு வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான். இன்னும் கல்யாணமே ஆகலை.’ நான் சிரித்தேன், சிரிப்பு இருமலாகி மூச்சு முட்டியது. ‘இருமலை முடிச்சு அச்சுக்கே அனுப்பியாச்சு சார். அது இருளுக்கு முன்னாடி. நீங்கதான் இன்னும் விடமாட்டேங்கறீங்க’ என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல பெண். வாக்கியத்துக்கு வருகிறேன். எங்களிடம் சேர்ந்திருக்கும் மேற்கோள் அட்டைகளைப் புரட்டினால் இந்தப் பொருளில் இருள் எல்லாம் மேடையில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத் திறப்பு விழா, அறக்கட்டளை அழைப்பிதழ், மந்திரியின் வாழ்த்துரை. அறியாமை இருளை அகற்றிய, இருளில் கிடந்த மக்களுக்கு விளக்கேற்றிய. பேருந்தில், கடையில், வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்கிறவர் கையில் எப்போதும் ஒரு விளக்கு இருக்கிறது. எதிரே எப்போதும் வேறு யாரோ இருக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் இருளாக இருக்கிறது என்று தன்னைப் பற்றி, இந்த நிமிஷத்தைப் பற்றி ஒருவரும் சொன்னதாக அட்டை இல்லை. சொல்லவும் முடியாது. நிஜ இருட்டில் நிற்கிறவனுக்கு இருட்டு தெரியும், கையை நீட்டித் துழாவுவான். இந்த இருட்டில் நிற்கிறவனுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. வராந்தா, ட்யூப்லைட், டோக்கன் எண் மாறும் பெட்டி, அதன் கீழே பிஸ்கட் தின்னும் குழந்தை, எல்லாம் தெரிகிறது. துழாவ வேண்டும் என்றே தோன்றாது. இதை அட்டையில் ஒரு குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். தலைமைப் பதிப்பாசிரியர் பாகீரதி அம்மாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். ‘குறிப்பு நல்லா இருக்கு தாணு. எனக்கு வாக்கியம் வேணும்’ என்றார். அன்று சாயங்காலம் ஒரு வாக்கியம் எழுதினேன். ‘தன் நோயைப் பொறுத்தவரை அவர் கடைசிவரை இருளிலேயே இருந்தார்.’ எழுதியதும் கை நின்றுவிட்டது. இதை யார் சொல்கிறார். என் குரல் இல்லை. பந்தலில், தோளில் துண்டோடு நின்று அண்ணன் சொன்ன குரல். அட்டையைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

இன்னும் கதவு திறக்கவில்லை. இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகுமா. ஆகலாம். இந்த டாக்டர் விளக்கமாகப் பேசுகிறவர் என்றார்கள். அண்ணனும் கேள்வி கேட்கிறவர், பத்தியம் என்ன, மோர் சேர்க்கலாமா, பயணம் போகலாமா என்று. அப்பாவாக இருந்தால் இந்தக் கதவைத் தட்டிவிட்டு ஓரமாக நிற்பார். அப்பா எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருட்டறை உதவியாளர். நான் வைத்த பெயர் இல்லை, அரசாங்கம் வைத்தது. எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு சிவப்பு பல்பு, வரிசையாகத் தொட்டிகள். எடுத்த ஃபிலிமை மருந்தில் முக்கி, அலசி, ஹைப்போ கரைசலில் போட்டு, மறுபடி அலசி, கிளிப்பில் தொங்கவிடுவார். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் செய்தார். நகங்கள் பழுப்பேறிப் போயிருந்தன. கையில் எந்நேரமும் ஒரு புளித்த வாடை. ‘இவிய கை பட்டாப் போதும், தோசை மாவத் தனியாப் புளிக்க வைக்க வேண்டாம்’ என்பாள் அம்மா. அந்த அறைக் கதவை வெளியிலிருந்து யாரும் திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் படம் முழுக்கக் கறுத்துப்போகும். தட்டிவிட்டு நிற்க வேண்டும். உள்ளே எல்லாம் பக்குவமானதும் அவரே ‘வா’ என்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. சொந்த வீட்டில் சமையலறைக் கதவைக்கூட அப்பா தட்டிவிட்டு, கொஞ்சம் நின்றுதான் திறப்பார். சின்ன வயதில் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். பிறகு ஒருநாள், அவருக்கு நோய் முற்றியிருந்த சமயம், சென்னையிலிருந்து நான் ஊருக்குப் போயிருந்தபோது, சமையலறையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கதவு தட்டப்பட்டது. அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்து, அடுப்புப் பக்கம் திரும்பி, கரண்டியை எடுத்துக்கொண்டாள். பிறகுதான் கதவு திறந்தது. ‘மோர் இருக்கா?’ என்றார் அப்பா. அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது இப்போது எனக்கு உறுத்துகிறது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். முகம் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர் நிற்கிற நேரம் அது.

அப்பாவின் வாயில் இருட்டு என்ற சொல் வேறு மாதிரி புழங்கியது. ஃபிலிமில் எல்லாம் தலைகீழ். கதிர் தடையில்லாமல் போன இடம் கறுக்கும், எலும்பு தடுத்த இடம் வெளுக்கும். நெஞ்சுப் படத்தில் நுரையீரல் இரண்டும் கறுப்பாக இருந்தால் காற்று நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். சளியோ நீரோ கட்டியோ இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். ‘இன்னைக்கு வந்த லாரிக்காரனுக்கு நெஞ்சு ரெண்டும் நல்ல இருட்டு’ என்று சாப்பிடும்போது சொல்வார், நல்ல விளைச்சல் என்பது போல. நல்ல இருட்டு என்றால் அந்த ஆள் பிழைத்தான். ‘மேல ஓரத்துல லேசா விடிஞ்சிருக்கு’ என்றால் அம்மா பரிமாறுவதை நிறுத்திவிடுவாள். ‘யாருக்கு? நமக்குத் தெரிஞ்சவியளா?’ என்பாள். எங்கள் வீட்டில் விடிவது என்றால் பயம். எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அதிகாலையில் ஜன்னல் வெளுக்கும்போது எழுந்து திரையை இழுத்துவிடுகிறேன். இதையும் பாகீரதி அம்மாளிடம் சொன்னேன். இருட்டு, மூன்றாவது பொருள், நோய் இல்லாத நிலை, சேர்க்கலாமா என்று. பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ‘ஒரு வீட்டுக்குள்ள மட்டும் புழங்கினா அது சொல் இல்லப்பா. அது உங்க வீட்டுப் பாத்திரம். பரண்ல வச்சுக்கோ.’ சரிதான். அந்த வீட்டில் இப்போது அந்தச் சொல்லைத் தெரிந்தவர்கள் அண்ணனும் நானும்தான். அண்ணன் உள்ளே இருக்கிறார். உள்ளே அந்த டாக்டர் வெளிச்சப் பலகையில் என் படங்களை மாட்டி, பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருப்பார். அண்ணன் மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்வார். நல்ல இருட்டு என்றா. விடிஞ்சிருக்கு என்றா. காலையில் பல் தேய்க்கும்போது துப்பியதில் சிவப்பாக ஒரு இழை இருந்தது. நேற்றும் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினேன். கோமதி வெளியே நின்று ‘என்ன இவ்வளவு நேரம்?’ என்றாள். ‘பேஸ்ட் காரம்’ என்றேன். அவளிடம் நான் மறைக்கிறேன், அவள் என்னிடம் மறைக்கிறாள். ஒரே அறைக்குள் இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு சூரிய கிரகணம் வந்தது. எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகப் பார்த்தால் கண் கெடாது என்று ஊரே நம்பியது. இப்போது அப்படிப் பார்க்கவே கூடாது என்கிறார்கள். தெருவில் எல்லாரும் அப்பாவிடம் ஃபிலிம் கேட்டார்கள். கழித்துப்போட்ட பழைய படங்களைக் கொண்டுவந்து வெட்டி வெட்டிக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் யாருடைய முழங்கால் வழியாகவோ சூரியனைப் பார்த்தார்கள். போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு கை கிடைத்தது, ஐந்து விரலும் முழுசாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். எங்களுக்கு மட்டும் அப்பா தன் நெஞ்சுப் படத்தைக் கொடுத்தார். புது மெஷின் வந்தபோது சோதித்துப் பார்க்கத் தன்னையே நிறுத்தி எடுத்த படம். ‘எல்லாவனும் ஊரான் எலும்பு வழியாப் பாக்கட்டும். நீங்க என் வழியாப் பாருங்க’ என்றார். அந்தப் படத்தில் இடது பக்கக் காறை எலும்பு, கழுத்துக்குக் கீழே தோளுக்குப் போகும் எலும்பு, நேராக இருக்காது. வாலிபத்தில் வாய்க்கால் பாலத்தில் சைக்கிளோடு விழுந்து ஒடிந்தது. எவனோ கட்டுப் போட்டுக் கோணலாகச் சேர்ந்துவிட்டது. பனியனுக்குள் ஒரு புடைப்பாகத் தெரியும். நாங்கள் அவர் மடியில் ஏறி அதை நெருடிப் பார்ப்போம். ஃபிலிமில் அது முறித்துத் திரும்ப ஒட்டிய மூங்கில் மாதிரி, கணுவோடு, வெள்ளையாக இருந்தது. அண்ணன் என்னைவிட உயரம், ஃபிலிமைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார், நான் குதித்தேன். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து பிடித்துக் காட்டினார். ‘எலே, கோண எலும்புக்குக் கீழ பாருங்கல. அங்கனதான் நல்ல இருட்டு.’ அண்ணன் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். கோணல் எலும்புக்குக் கீழே, அப்பாவின் விலாக்களுக்கு நடுவே, கடித்து வைத்த பணியாரம் மாதிரி சூரியன் இருந்தது. அண்ணன் பார்த்தார், எனக்கு முன்னால் பார்த்தார். இதுதான் முள். இதில்தான் எல்லாம் வந்து மாட்டிக்கொள்கிறது.

அண்ணன் சொன்ன விவரத்தின் நடுப்பகுதி இது. அப்பாவை வெளியூருக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள், உள்ளூரில் எடுத்தால் பழைய ஆட்கள் அவரிடம் சொல்லிவிடுவார்கள் என்று. டாக்டர் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார், அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கேட்பார் என்று அண்ணனுக்குத் தெரியும். இத்தனை வருஷம் படம் கழுவிய மனுஷன் கேட்காமல் இருப்பாரா. அதனால் அண்ணன் எங்கோ சொல்லி, வேறு யாரோ ஒருவரின் நெஞ்சுப் படத்தை, நோய் இல்லாத நெஞ்சு, வாங்கி உறைக்குள் மாற்றி வைத்துவிட்டார். அப்பா கேட்டார். அண்ணன் கொடுத்தார். அப்பா ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். ‘நல்ல இருட்டு டே. சுத்தமா இருக்கு’ என்றார். படத்தை மடங்காமல் உறைக்குள் போட்டு அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார். ‘நம்பிட்டாவ’ என்று அண்ணன் முடிப்பார். இதைப் பந்தலில் சொன்னார், பிறகு தன் மகள் கல்யாணத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது சொன்னார், போன வருஷம் என் வீட்டில் கோமதியிடம் சொன்னார். சில சமயம் ஜன்னல், சில சமயம் வாசல்படி. அப்பா நின்றுகொண்டு பார்த்ததாகச் சில சமயம், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாகச் சில சமயம். அப்பா சொன்ன வார்த்தைகள் மட்டும் மாறியதே இல்லை. எனவே அதைச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த எலும்பு? வேறு ஆளின் படத்தில் இரண்டு காறை எலும்பும் நேராகத்தானே இருந்திருக்கும். தன் படத்தைக் கையில் வாங்குகிறவன் முதலில் தன்னைத்தான் தேடுவான். பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் எல்லாரும் அப்படித்தான். அப்பா தன் கோணலைத் தேடியிருப்பார், அங்கே ஒரு நேர் எலும்பு இருந்திருக்கும். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நோய் தெரிந்திருக்கும். அது எவ்வளவு மோசம் என்றும் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டியதில்லை. மூத்த மகன் ஊர் ஊராக ஒரு நல்ல நெஞ்சைத் தேடி அலைந்தான் என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்ததும் மகன் என்ன கேட்க நிற்கிறானோ அதைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு சாகும்வரை அதைக் காப்பாற்றினார், அடுத்த ஆடிக்குத் தென்னைக்கு உரம் வைக்கணும், தாணுவுக்குப் பெண் பார்க்கணும் என்று பேசிக்கொண்டு, கதவுகளைத் தட்டிவிட்டுக் காத்திருந்துகொண்டு. யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாமல். ராத்திரி வலி வந்தால் யாரிடம் சொல்லியிருப்பார். வாய்வு என்றுதானே சொல்ல வேண்டும். இல்லை, இப்படி இல்லாமலும் இருக்கலாம். கண்ணில் புரை வளர்ந்திருந்தது, மாத்திரையின் மயக்கம் வேறு. எலும்பைக் கவனிக்காமல் நுரையீரலை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கலாம். அப்படியிருந்தால் அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை, நான்தான் சொற்களைக் கிண்டிக் கிண்டிப் பழகிப்போய், செத்துப்போன மனிதரின் நிம்மதியையும் கிண்டுகிறேன். அப்படியே இருக்கட்டும் என்று எத்தனையோ தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். நிற்கவில்லை. அப்பா படம் பார்க்கும் விதம் எனக்குத் தெரியும். மேலிருந்து கீழே. எலும்பில் தொடங்கித்தான் உள்ளே போவார். அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது, அதை நான் தொடுவதில்லை. கிரகணத்தன்று அண்ணனும் அந்த எலும்பைப் பார்த்தார். நேர் எலும்பைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் கொடுத்தாரா. கொடுத்த பிறகு, அப்பாவின் விரல் அந்த இடத்தில் நின்றபோது தெரிந்ததா. தெரிந்துகொண்டேதான் இத்தனை வருஷம் பந்தியில் வெற்றிலையோடு சொல்லிவருகிறாரா. யாருக்கு யார் இருள். அந்த ஜன்னலோரத்தில் நின்ற இரண்டு பேரில், நான் கிழித்துப்போட்ட அந்த வாக்கியத்தின் ‘அவர்’ யார்.

கதவு திறந்தது. கோமதி மட்டும் வெளியே வந்தாள். கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். என் பக்கம் வந்தவள் இரண்டு நாற்காலி தள்ளியே நின்று, ‘காப்பி வாங்கிட்டு வாரேன், சூடா’ என்றாள். நான் காப்பியை விட்டு வெகுநாளாகிறது. விடச் சொன்னதே அவள்தான். ‘சரி’ என்றேன். கேன்டீன் இடதுபக்கம். அவள் வலதுபக்கம் நடந்தாள், படிக்கட்டு இருக்கும் பக்கம். நடை மட்டும் வேகமாக இருந்தது. பிறகு அண்ணன் வந்தார். உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து ‘இரு’ என்பது போல ஒரு விரலைக் காட்டிவிட்டு, கழிப்பறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிஸ்கட் தின்ற குழந்தை எண் பெட்டியைக் காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்டது. பயம் என்று இத்தனை நாள் நான் நினைத்தது பயமே இல்லை என்று தெரிந்தது. இது வேறு. எடையே இல்லாமல், யாரோ என்னைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டது போல. அண்ணன் வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது, சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

‘ஒண்ணும் இல்லடே. பழைய சளியாம். உள்ள கட்டி தட்டிப் போய்க் கெடக்காம். கொஞ்ச நாளைக்கு மருந்து ஏத்தினாக் கரைஞ்சு போவுமாம்.’

‘சளிக்கு மருந்து ஏத்துவாவளாண்ணே?’

‘இப்பம் எல்லாத்துக்கும் ஏத்துதானுவ. அந்தக் காலம் மாதிரியா, கஷாயத்தக் குடுத்து அனுப்ப? காசு புடுங்கணும்லா.’ சிரித்தார். சிரித்ததை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருமினார். ‘நீ பாட்டுக்கு ஆபீஸ் போ, வா. நானும் ஒரு மாசம் இங்கனயேதான் இருக்கப் போறேன். மதினியும் வாரேங்கா.’

‘ஒங்களுக்குத்தான் இந்த ஊர்த் தண்ணி ஆகாதே.’

‘காய்ச்சிக் குடிச்சாப் போச்சு.’

‘படத்தக் குடுங்க’ என்றேன். சொல்லும்போதே கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கையைப் பார்த்தால் அது அப்பாவின் கை போல இருந்தது, நகம் மட்டும் பழுப்பில்லை. அண்ணன் தயங்கினார். ‘ஒனக்கு இதுல என்னடே தெரியும்? இது அப்பா காலத்துப் படமா? துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கான், மனுசன் மாதிரியே இல்ல’ என்றார். ஆனாலும் கொடுத்தார். உருவி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன். மேலே என் பெயர் அச்சாகியிருந்தது. இந்தக் காலத்தில் மாற்றி வைக்க முடியாது. என் அறியாமை ஒன்றைத்தான் அவர் நம்பியாக வேண்டும். சின்னச் சின்னக் கட்டங்களில் நான் குறுக்காக வெட்டப்பட்டு அடுக்கப்பட்டிருந்தேன். பெரும்பாலும் கறுப்பு, நல்ல இருட்டு. நடுவரிசையில் ஒரு கட்டத்தில் ஓரமாக வெள்ளை. அடுத்த கட்டத்தில் அது பெரிதாகியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும். வரிசையாகப் பார்த்தால் ஜன்னல் வெளுத்துக்கொண்டே வருவது போல இருந்தது. வாயில் ‘சுத்தமா இருக்கு’ என்று வந்துவிட்டது. உதடு வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் போதும். அண்ணனுக்கு மூச்சு வரும், கோமதி படிக்கட்டிலிருந்து இறங்கி வந்து காப்பியைக் கையில் கொடுப்பாள், எல்லாரும் வீட்டுக்குப் போவோம், நாளை நான் கதவுகளைத் தட்டிவிட்டு நிற்கப் பழகிக்கொள்வேன். நான் தேடிய எடுத்துக்காட்டு வாக்கியம் இதுதான் என்று தோன்றியது. இருள் என்ற சொல் இதில் எங்குமே இல்லை, அட்டையில் எழுத முடியாது. படத்தை மடங்காமல் உறைக்குள் போட்டேன். அண்ணனிடம் நீட்டினேன். அவர் ஒரு முனையைப் பிடித்தார், நான் என் முனையை விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாடையில் தண்ணீர் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அவர் சொன்னதில் எல்லாம் இருந்தது. ஜன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, அப்பா சொன்ன வார்த்தை இருந்தது. இரண்டு பேர் கையும் உறையில் இருக்கும் இந்த இடம் மட்டும் இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

‘அண்ணே’ என்றேன். ‘படத்தத் திருப்பித் தரும்போது, அப்பா ஒங்க மூஞ்சியப் பாத்தாவளா?’